கழுத்தில் கிடந்த கயிறு

ஒரு காலத்தில் என் கழுத்திலும் இடுப்பிலும் எத்தனை கயிறு கிடந்தது என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. முதல் குழந்தை செத்துப் பிறந்தபோது ஒரு முடிகயிறு ஏறியது. அடுத்ததும் அப்படியே பிறந்தபோது தாயத்து, கறுப்புக் கயிறு, கல்வராயன் மலையிலிருந்து யாரோ மந்திரித்துக் கொண்டுவந்த வேர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போனது. "காளமாடு கூட இவ்ளோ கயிறு சொமக்காது" என்பார் என் வீட்டுக்காரர் மாயவன். சொல்லிவிட்டு, அடுத்த வாரமே வேறொரு கோயிலிலிருந்து புதுக் கயிற்றோடு வந்து நிற்பவரும் அவர்தான். பயம் அவருக்கும் இருந்தது. வாய் மட்டும் கேலி பேசும்.

வடக்கனந்தலில் குத்தகை நிலத்தில் கரும்பும் மரவள்ளியும் வைத்திருந்தோம். பக்கத்து வீட்டில் அவருடைய அக்கா செல்லியம்மாள். புருஷன் செத்த பிறகு பிறந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டவள். சரியான வாய்க்காரி. அவள் அதட்டினால் அடுத்த தெருவில் படுத்திருக்கும் நாய் எழுந்து போகும். ஆனால் என் குழந்தைகள் இரண்டையும் பழம்புடவையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, குழி தோண்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அதனால் அவள் என்ன திட்டினாலும் என் கோபம் அரைநாளைக்கு மேல் நிற்பதில்லை.

இரண்டாவது குழந்தைக்குப் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். எழுந்திருக்க மனசில்லை. அந்தச் சமயத்தில்தான் பாஸ்டரம்மா எங்கள் வாசலுக்கு வந்தார். கள்ளக்குறிச்சியில் தகரக் கொட்டகை போட்டு ஜெபவீடு நடத்திக்கொண்டிருந்த பாஸ்டர் ஏசடியானின் மனைவி. இரண்டு பேரும் நாகர்கோவில் பக்கம். அந்த அம்மா சாமி பேச்சே எடுக்கவில்லை. என் தலை சிக்குப் பிடித்துக் கிடப்பதைப் பார்த்து, சீப்பு எங்கே என்று கேட்டார். எண்ணெய் வைத்து, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சிக்கெடுத்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஒருநாள் பின்னிக்கொண்டே, "பிள்ளைகளுக்குப் பேரு வச்சியாம்மா?" என்று கேட்டார்.

"செத்துப் பொறந்ததுக்கு யாருங்க பேரு வெப்பாங்க?"

"வை. பேர் சொல்லித்தான் ஆண்டவர் கூப்பிடுவார். அங்க யாரும் பேர் இல்லாம இருக்க மாட்டாங்க."

அன்றைக்குத்தான் நான் அழுதேன். அதுவரை அழவே இல்லை என்பது அழுதபோதுதான் எனக்குத் தெரிந்தது. என் பிள்ளைகளை ஒருவர் தெரிந்து வைத்திருக்கிறார், அவர் என்னையும் தெரிந்து வைத்திருக்கிறார் என்ற நினைப்பு உள்ளே போனபிறகு, ஒவ்வொரு கயிறாக நானே அறுத்துப் போட்டேன். எனக்கு அதற்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை. ஆனாலும் பயம் விட்டுப் போயிற்று. எனக்குக் கிடைத்த ரட்சிப்பு எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாயவன் என்னைச் சைக்கிளில் வைத்துக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போவார். உள்ளே வரமாட்டார். எதிரே சாதுல்லா பாயின் டீக்கடை. அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, பாட்டுச் சத்தம் நின்றதும் சைக்கிளைத் திருப்பி வைப்பார். "உங்க சாமிக்கு மைக் வாணாம், நீங்க பாடறது உளுந்தூர்பேட்டை வரைக்கும் கேக்குது" என்பார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, நான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படும்வரை. எங்கள் சபையில் ஒரு கட்டு உண்டு. தண்ணீரில் இறங்குகிறவர்கள் உடம்பில் நகை, நட்டு எதுவும் இருக்கக் கூடாது. கம்மல், மூக்குத்தி மட்டுமில்லை, தாலியும்தான்.

பாஸ்டரிடம் வாதாடிப் பார்த்தேன். "மத்ததெல்லாம் பயத்துல கட்டினதுங்க. அறுத்துட்டேன். இது ஆசையில கட்டினதுங்க."

அவர் கறாரான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. "அப்போ ஆசையாவே கழற்றி வையுங்க சிஸ்டர். அவர் முன்னால போகும்போது கையில ஒண்ணும் இல்லாமப் போறதுதான் நல்லது" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் வினையாயிற்று.

மாயவனிடம் சொன்னேன். அந்த மனுஷன் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் கட்டுனது. கழட்டறதா இருந்தா நான்தான் கழட்டணும். அந்த பாஸ்டரு கை படக்கூடாது. உன் கையும் படக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

"கழட்டினா நீ எனக்கு யாரு?"

"இப்ப யாரோ அவளேதான்."

"அப்ப சரி" என்றார். மாடு குடித்து முடித்த பிறகும் வாளியைப் பிடித்துக்கொண்டே நின்றார். பாவமாக இருந்தது. கிட்டே போய் அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டேன். நட்டநடு வாசலில் அப்படி நின்றது எங்கள் தெருவுக்கு ஒரு மாதப் பேச்சுக்குப் போதுமானதாக இருந்தது.

செல்லியம்மாள் அண்ணியின் காதுக்கு விஷயம் போன அன்று அவள் கத்துவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கத்தவில்லை. எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு கழட்டினப்ப ஊரே ஒப்பாரி வெச்சிது அமிர்தம். நீ சிரிச்சிக்கினு கழட்டப் போறியா? அவன் உசுரோட நடமாடிக்கினு இருக்கறப்பவே?"

"அண்ணி, இது அது இல்ல."

"கயிறு ஒண்ணுதானடி" என்றாள். எழுந்து போனாள்.

எண்பத்தேழாம் வருஷம் அது. புரட்டாசி பிறந்த அன்றைக்கு இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்குவதாக இருந்தது. வட மாவட்டங்கள் பூராவும் ஒரு வாரத்துக்கு ரோட்டில் ஒரு வண்டி ஓடக்கூடாது என்று எங்கள் சாதிச் சங்கத்தில் முடிவு. அதற்குள் வரும் ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு ஞானஸ்நானம். மழை கம்மியான வருஷம், கோமுகி அணையில் தண்ணீர் இல்லை. அதனால் மலைமேல் கரியாலூர் பக்கத்தில் ஓடும் ஓடையில் வைத்துக்கொள்ளலாம் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார்.

மரம் வெட்டி ரோட்டை மறிக்க மாயவன் கோடாலியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"புள்ள இல்லாத மனுஷனுக்கு இன்னாய்யா இந்த வேல? எந்தப் புள்ளய காலேஜில சேக்கப் போற?"

"ஊர்ல ஓடிக்கினு இருக்கறதெல்லாம் யாரு புள்ளைங்க?" என்று கேட்டார். பிறகு, "நம்ப ரெண்டும் இருந்திருந்தா அதுங்களுக்கும்தான" என்றார்.

கிளம்பும்போது சொன்னார், "நீ அவங்களோட மலைக்கு போயிடு. எப்படியாவது ஞாயித்துக்கிழம காலையில நான் நேரா ஓடைக்கு வந்துடறேன். நான் வராத கயித்த தொடாத."

பஸ் ஓடவில்லை. சனிக்கிழமை பாஸ்டர், பாஸ்டரம்மா, என்னோடு ஞானஸ்நானம் எடுக்கும் வேறு சிலர் எல்லோருமாக அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தே ஏறினோம். வழியெல்லாம் ஒரே பேச்சு. அங்கே துப்பாக்கிச் சூடாம், இங்கே ஆள் செத்துப்போனார்களாம், ரோட்டில் இருக்கும் புளியமரம் பூராவும் சாய்ந்து கிடக்கிறதாம். செத்தவர்கள் யார் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. கரியாலூரில் எங்கள் சபையைச் சேர்ந்த பாப்பாத்தி வீட்டில் தங்கினோம். அவள் சாமைக் களி கிண்டிப் போட்டாள். எனக்கு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓடைக்கரையில் மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி ஏறினார்கள். நான் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியது. மாயவன் வரவில்லை.

"சிஸ்டர், நீங்க மட்டும்தான் பாக்கி" என்றார் பாஸ்டர். "இது சோதனை வேளை. தள்ளிப் போட்டா தள்ளிக்கிட்டே போகும். தைரியமா கழற்றுங்க."

கை கழுத்துக்குப் போனது. கயிற்றைப் பிடித்தேன். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. மாயவனிடம் கொடுத்த வாக்குக்காக மட்டும் கை நிற்கவில்லை. கீழே ஏதோ ரோட்டில் அவர் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தால், இதைக் கழற்றின அந்த நொடியிலேயே போய்விடும் என்று ஒரு நினைப்பு. எல்லாக் கயிற்றையும் அறுத்து எறிந்தவள் நான். பயம் எங்கேயும் போகாமல் இந்த ஒரு கயிற்றில் வந்து சுருண்டு படுத்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"கழட்டாதடி" என்று ஒரு சத்தம்.

செல்லியம்மாள் அண்ணி. தலை கலைந்து, காலெல்லாம் முள் கீறி, பாறையைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள். முந்தின நாள் மத்தியானம் வீட்டை விட்டுக் கிளம்பி, அடிவாரத்தில் யார் வீட்டு வாசலிலோ படுத்து, விடிந்ததும் ஏறியிருக்கிறாள். மலைப்பக்கம் அதற்குமுன் வந்தே இராதவள்.

"மாயவன் மேல மரம் வுழுந்துடுச்சாம். கூட போன பசங்க சொல்லிக்கினு ஓடறானுங்க. ஆளு எங்க, எப்படி இருக்கான், ஒண்ணும் தெரியல. இப்ப போயி கழட்டாத அமிர்தம். உன் கால்ல வுழறேன்."

அவள் யார் காலிலும் விழுகிறவள் இல்லை. நான் கயிற்றை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாஸ்டரம்மா கிட்டே வந்து, "போயிட்டு வா. தண்ணி இங்கதான் ஓடிக்கிட்டிருக்கும்" என்று என் கன்னத்தைத் தொட்டார்.

இரண்டு பேரும் இறங்கினோம். வழியில் நான் ஜெபம் செய்தேன். ஜெபம் என்றால் மரியாதையான ஜெபம் இல்லை. சண்டைதான். ஆண்டவரே, ரெண்டு புள்ளைய எடுத்துக்கினீங்க, நான் ஒண்ணும் கேக்கல. இந்த ஆள வுட்டுடுங்க. இவரு உங்கள ஒண்ணும் திட்டல, நம்ம பாட்டத்தான் கொஞ்சம் கிண்டல் பண்ணிட்டாரு. இப்படியே உளறிக்கொண்டு வந்தேன். முன்னால் நடந்த அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"யாராண்ட பேசற?"

"ஆண்டவராண்ட."

"இப்படியா பேசுவீங்க? வூட்டு ஆளாண்ட பேசற மாரி?"

"வேற எப்படி பேசறது அண்ணி?"

"நல்லா கேளு. வுடாத" என்றாள்.

அன்று அடிவாரத்தில் தங்கி, மறுநாள் வரப்பும் வாய்க்காலுமாக நடந்து கள்ளக்குறிச்சி வந்தோம். ரோடெல்லாம் மரம். கிளைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து போக வேண்டியிருந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போக சாதுல்லா பாய் கடைவழியாகத்தான் போக வேண்டும். கடை சாத்தியிருந்தது. ஆனால் பின்னாலிருந்து, "இன்னும் கொஞ்சம் உப்பு போடுங்க தங்கச்சி, பத்தியக்காரன் கஞ்சியாட்டம் கீது" என்று ஒரு குரல் கேட்டது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தியாகதுருகம் ரோட்டில் புளியமரத்தை வெட்டியிருக்கிறார்கள். அது சாயும் என்று நினைத்த பக்கம் சாயவில்லை. தலைக்கு வந்ததை இவர் இரண்டு கையாலும் தாங்கியிருக்கிறார். இரண்டு முன்னங்கையும் ஒடிந்துபோயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வண்டி இல்லை, ஏனென்றால் ரோட்டை மறித்ததே இவர்கள்தான். வாழைத்தார் ஏற்றும் தள்ளுவண்டியில் போட்டு, வயல் வழியாகத் தள்ளி வந்திருக்கிறார்கள். மாவுக்கட்டுப் போட்டபிறகு ஊருக்குப் போக வழியில்லாமல் நின்றவரைச் சாதுல்லா பாய் தன் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். பாயின் மனைவி ஷாஜாதி கஞ்சி வைத்து, ஒரு பெரிய கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு கையும் வெள்ளை உலக்கை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் முதலில் என் கழுத்தைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண் கலங்கினார்.

"கழட்டலையா?"

"நீதான வராத தொடாதன்ன."

"கோச்சிக்கினு கழட்டி இருப்பன்னு நெனச்சேன்."

"கோவம்லாம் இருக்குது. கை சரியாவட்டும், வெச்சிக்கறேன்" என்றேன். கரண்டியை ஷாஜாதியிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

அண்ணி தம்பியின் தலையைத் தடவினாள், கன்னத்தைத் தடவினாள், பிறகு மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். "பாத்தியா அமிர்தம்? நேத்து நீ மட்டும் கழட்டி இருந்தா இவன் இன்னேரம் இருப்பானா? கயிறு காப்பாத்திச்சி" என்றாள்.

அந்தப் பேச்சு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஊருக்கு வந்தபிறகும் போகவில்லை. இவருக்கு ஊட்டிவிடுவேன், குளிப்பாட்டுவேன், பீடி பற்றவைத்து வாயில் வைப்பேன், ஒவ்வொரு நாளும் ஒருமுறையாவது கயிறு பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். ஜெபம் பண்ணும்போது கூடக் கை அங்கேதான் போகும். ஒருநாள் தாங்கமுடியாமல் இவரிடம் சொல்லிவிட்டேன்.

"எனக்கு பயமா இருக்குதுய்யா. பழைய மாரியே பயமா இருக்குது. ஆண்டவர நம்பறேனா, இந்த கயித்த நம்பறேனான்னு எனக்கே தெரியல."

"எனக்கு இல்லன்னு நெனச்சியா?" என்றார். "நான்தான் கழட்டுவேன்னு ஜம்பமா சொல்ட்டேன். அன்னிக்கு மரத்தாண்ட நிக்கறப்ப, ஞாயித்துக்கிழமைக்குள்ள போவ முடியாத பூட்டா நல்லதுன்னு மனசு ஓரத்துல இருந்துச்சி. மரம் வுழுந்தப்ப கூட, அப்பாடா, இனிமே நீ கூப்புட மாட்டன்னுதான் தோணுச்சி."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபிறகு அவர் சொன்னார், "ஒரு நூலுதான் என் உசுர புடிச்சிக்கினு கீதுன்னா, எலி கடிச்சா நான் செத்துடணுமே. அப்படி ஒரு பொழப்பு எனக்கு வாணாம். உனக்கும் வாணாம். அடுத்த தபா எப்பன்னு உங்க பாஸ்டரை கேளு."

ஐப்பசியில் மழை பிடித்தது. மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் வைத்தார் பாஸ்டர். இவருக்கு மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. ஆனாலும் மலை பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. அண்ணியை வரச்சொல்லிக் கூப்பிடப் பயந்தேன். அவளே காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நீ பாட்டுக்கு தண்ணியில நின்னுக்கினு இருப்ப. இவனுக்கு சோறு ஊட்ட ஆளு வாணாமா?" என்றாள். முகம் மட்டும் சாவு வீட்டுக்குக் கிளம்பினவள் முகமாக இருந்தது.

ஓடை நிறைந்து ஓடியது. பாப்பாத்தியும் மலைக்காரர்கள் கொஞ்சம் பேரும் வந்திருந்தார்கள். பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்று காத்துக்கொண்டிருந்தார். நான் கரையில் மாயவன் முன்னால் போய், முதுகைக் காட்டி நின்று, கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மாவுக்கட்டுக்கு வெளியே அவருக்கு விரல்நுனிகள் மட்டும்தான் இருந்தன. அதை வைத்து முடிச்சைத் தேடினார். அகப்படவில்லை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் வேறு. கடைசியில் குனிந்து பல்லால் பிடித்தார். மீசை கழுத்தில் பட்டு எனக்கு ஒரே கூச்சம். நான் நெளிந்தேன். பாப்பாத்தி சிரித்தாள். தண்ணீரில் நின்ற பாஸ்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் மூச்சு வாங்க இழுத்துப் பார்த்தார். கயிறு இறுகியதுதான் மிச்சம்.

"வுட்றா. அவ கழுத்த கடிச்சி வெச்சிடப் போற" என்றாள் அண்ணி.

"நான் கட்டுனது, நான்தான் அவுக்கணும்."

"நீ கட்டுனியா?" அண்ணி முன்னால் வந்தாள். "மணவறையில நடந்தது மறந்துபோச்சா? நீ போட்டது ஒரு முடிச்சு. மிச்சம் ரெண்டும் நாத்தனார்காரின்னு என்ன கூப்ட்டு போட வெச்சீங்க. இவ பின்னால நின்னுக்கினு நான்தான் இறுக்கி போட்டேன். கயிறு எத்தினி தபா மாறினா இன்னா? நீயும் அவளும் பேசிக்கினீங்க. அந்த பாஸ்டரும் பேசினாரு. ரெண்டு முடிச்சு போட்டவள எவனாவது ஒரு வார்த்த கேட்டீங்களா?"

உண்மைதான். எத்தனை மாதமாக இந்தக் கயிற்றைப் பற்றி எங்களுக்குள் வாதம் செய்தோம். ஒருவருக்கும் அவள் நினைப்பு வரவில்லை. தாலி கட்டின நேரத்தில் மஞ்சள் புடவையில் சிரித்துக்கொண்டு நின்ற அவளை நான் அடியோடு மறந்துபோயிருந்தேன். நாங்கள் எல்லோரும் அவளைத் தாலி அறுத்தவளாக மட்டும்தான் வைத்திருந்தோம்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். "அண்ணி, நீங்க அவுத்து வுடுங்க. நீங்க மாட்டேன்னா நான் எறங்கல."

"நான் தொடக்கூடாதுடி."

"நீங்கதான் தொடணும்."

அவள் தம்பியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் பின்னால் வந்து நின்றாள். ஒரு முடிச்சை அவிழ்த்தாள். நிறுத்தித் திரும்பி, "நல்லா கீறியாடா?" என்று கேட்டாள். "கீறேன்க்கா" என்றார் இவர். அடுத்ததை அவிழ்த்தாள். "உன்னுது இதுதான். வா" என்று கடைசி முடிச்சைத் தளர்த்தி, கயிற்றின் நுனியைத் தம்பியின் வாயில் கொடுத்தாள். அவர் இழுத்தார். கழன்று வந்தது.

நான் தண்ணீருக்குள் போனேன். பயங்கரக் குளிர். பாஸ்டர் என் பெயரைச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி என்னை முழுக்கினார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கையில் ஒன்றும் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் யாரோ என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டரின் கையை மட்டும் நான் சொல்லவில்லை. வெளியே வந்து கண்ணைத் துடைத்தால், கரையில் இவர் வாயில் தாலிக்கயிற்றைக் கவ்விக்கொண்டு, இரண்டு வெள்ளைக் கையையும் நீட்டிக்கொண்டு, பேசவும் முடியாமல் நின்றுகொண்டிருக்கிறார். அண்ணி அவர் வாயிலிருந்து கயிற்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அமிர்தம், நான் இங்கதான் கீறேன்" என்றார்.

அதற்கப்புறம்தான் செல்லியம்மாள் அண்ணியின் தொல்லை ஆரம்பமாயிற்று. தம்பி இருமினால் ஓடிவருவாள். ஏணியில் ஏறினால் திட்டுவாள். அவர் தூங்கும்போது வாசலில் நின்று மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். மாவுக்கட்டுப் பிரித்தார்கள். கை கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது, ஆனால் வேலைக்கு ஆயிற்று. மார்கழியில் கரும்பு வெட்டு நடந்தது. அவர் வெட்டினார், கட்டினார், ஆட்களோடு சண்டை போட்டார், வண்டி வண்டியாகத் தின்றார்.

ஒரு மத்தியானம் நான் தோகை கழித்துக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தூரத்தில் அவர் கரும்புக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவனுக்கு ஒண்ணும் ஆவல" என்றாள்.

"ஆவல அண்ணி."

"கயிறு இல்ல. ஆனா நல்லாத்தான் கீறான்."

"ஆமா."

அவள் ஒரு தோகையைக் கையில் எடுத்துக் கிழித்தாள். "உங்க அண்ணன் செத்தப்ப, என் கயித்த அறுத்துக்கினே என் மாமியார்காரி சொன்னா. உன் கயித்துக்கு பெலம் இல்ல, எங்க புள்ளய முழுங்கிட்டன்னு. கூட்டத்துல எல்லாரும் கேட்டுக்கினுதான் இருந்தாங்க. நான் அத்த யாராண்டயும் சொன்னது இல்ல. நெசம்னு நெனச்சிக்கினு இருந்தேன் அமிர்தம். இத்தினி வருசமா."

என் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் இது அவளுக்குள் இருந்திருக்கிறது. என்னைத் தேடி மலையேறி வந்தபோதும் இருந்திருக்கிறது.

"அப்ப, அவரு செத்தது என்னால இல்லதான?"

"இல்ல அண்ணி" என்றேன். "உங்களால இல்ல."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு தபா சொல்லு" என்றாள்.

சொன்னேன்.